மரக்கன்றுக்கு முன்னால்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் சூழல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சூழலுக்காக ஏதாவது செய்யணும் என்று யாராவது கிளம்பினால், நம் ஊரில் அவர் கையில் முதலில் திணிக்கப்படுவது ஒரு புங்கன் கன்று. ஜூன் 5ஆம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று, குழி வெட்டி, நட்டு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அந்த வருஷத்துக் கணக்கு முடிந்தது. ஆகஸ்ட்டுக்குள் கன்றை ஆடு மேய்ந்துவிடும். மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் தண்ணீர் எங்கே போனது, காடு யாருடையது, பாறையை யார் உடைக்கிறார்கள், அதன் கஷ்டத்தை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்விகள் மரத்துக்கு முன்னால் வந்து நிற்கின்றன. மண்வெட்டியால் இவற்றுக்குப் பதில் தோண்ட முடியாது. நடக்க, காகிதம் படிக்க, ஊரோடு உட்கார்ந்து பேசப் பழகவேண்டும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரே ஒரு ஏரி

உலக வெப்பமயமாதலில் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி டவுனில் இருப்பவருக்கு இராமக்காள் ஏரி, ஓசூர்க்காரருக்கு ராமநாயக்கன் ஏரி, போச்சம்பள்ளிப் பக்கம் என்றால் பாரூர் ஏரி. பெயர் தெரியாத ஊர் ஏரியாக இருந்தால் இன்னும் நல்லது, அதற்குப் போட்டியாளர் இருக்கமாட்டார்.

கரையில் நின்று பார்த்தால் ஏரி தெரியும். அது ஏன் நிரம்பவில்லை என்பது தெரியாது. அதனால் கரையை விட்டு இறங்கி, தண்ணீர் வருகிற திசைக்கு எதிராக நடங்கள். நீர்வரத்து வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் போகத்தான் சங்கதி புரியும். ஒரு இடத்தில் வாய்க்கால் பத்தடி அகலம் இருக்கும், எருக்கு முளைத்திருக்கும். அடுத்த வளைவில் யாரோ வீட்டுமனை போட்டு, மனைக்குப் போகிற மண்சாலையை வாய்க்காலுக்குக் குறுக்கே ஏற்றி, அடியில் ஒற்றை சிமெண்ட் குழாயைப் பதித்திருப்பார்கள். அந்தக் குழாயின் வாய்க்கு எதிரே குந்தி உட்கார்ந்து பாருங்கள். பாதி வரைக்கும் மண், அதன்மேல் பாலித்தீன், செருப்பு, தேங்காய்மட்டை. பத்தடி வாய்க்காலில் வருகிற மழைத்தண்ணீர் இந்த ஒரு குழாய்க்குள் புகவேண்டும். புகாது. பக்கத்து நிலத்தில் பரவி நின்று, நாலு நாளில் காய்ந்துபோகும். ஊரில் கேட்டால் “முன்ன மாதிரி மழை இல்லீங்க” என்பார்கள்.

நடக்கும்போது நாலு இடம் குறித்துக்கொள்ளுங்கள்: வரத்து வாய்க்கால் ஏரிக்குள் நுழையும் இடம், மதகு, உபரித்தண்ணீர் வழிகிற கோடி, கோடியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் வாய்க்கால். நம் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் தனியாக இல்லை. மேல் ஏரியின் கோடித் தண்ணீர்தான் கீழ் ஏரிக்கு வரத்து. உங்கள் ஏரியின் வியாதி மூன்று கிலோமீட்டர் தள்ளி, வேறு ஊராட்சியில் இருக்கலாம்.

காகிதத்தில் அந்த ஏரி எப்படி இருக்கிறது

வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேடும் (எந்த சர்வே எண் என்ன நிலம், எவ்வளவு பரப்பு என்கிற பதிவு) புல வரைபடமும் (அந்த சர்வே எண்ணின் அளவுப் படம்) கிடைக்கும். சர்வே எண் தெரியவேண்டும்; தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அ-பதிவேட்டில் ஏரி, வாய்க்கால் என்று பதிவாகியிருக்கும் பரப்பை எழுதிக்கொண்டு, புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் அதே வழியில் நடங்கள். வரைபடத்தில் வாய்க்கால் இருந்து, தரையில் இல்லாத இடம் எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். உங்கள் வேலைக்கு அந்த ஒரு தாள்தான் அஸ்திவாரம்.

அடுத்தது, ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பது. பொதுவாக நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும் (ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. ஏரி என்றுதான் சொல்வார்கள்). அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்கிற மனு, ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் பயணம் போய்க்கொண்டே இருக்கும். நீர்வளத் துறை ஏரி என்றால் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் ஒன்று தனியாகவே இருக்கிறது.

பிறகு உட்கார்ந்து கேட்கிற வேலை

புதியவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். ஏரிக்கரை டீக்கடையில் போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி உங்களைப் பற்றித்தான் வரும்: “தம்பி எந்த ஊரு? யாரு வூட்டுப் பையன்?” நேராகப் பதில் சொல்லுங்கள். எந்தக் கட்சி என்றும் கேட்பார்கள். அதற்கும் நேராகவே சொல்லிவிடுவது நல்லது. அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் என்றால் பேச்சு பாதி தெலுங்கிலோ கன்னடத்திலோ நடக்கும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவருக்கு ஏரி நிரம்பவேண்டும், மதகு வேலை செய்யவேண்டும். மீன் குத்தகை எடுத்தவருக்கு மதகைத் திறக்கவே கூடாது. ஆடு மேய்க்கிற அக்காவுக்கு ஏரி வற்றி உள்ளே புல் முளைக்கிற காலம்தான் வசதி. பறவை பார்க்க வருகிற காலேஜ் பசங்களுக்கு ஓரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரும் சேறும் வேண்டும். ஆயிரம் அடி போர் போட்டவருக்கு ஏரியைப் பற்றிக் கவலையே இல்லை: “ஏரி ரொம்புனா எனக்கென்னங்க, மோட்டார்ல தண்ணி வந்தா சரி.”

சூழலியல் என்ற சிந்தனையின் பெரிய பிரிவுகள் எல்லாம் இந்தக் கரையிலேயே இருக்கின்றன. மனிதனுக்குப் பயன்படும் வளம் என்பதால் காக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. பயன் இருக்கிறதோ இல்லையோ, கொக்குக்கும் நாணலுக்கும் தன்னளவில் வாழ உரிமை உண்டு என்பது இன்னொரு கட்சி. நார்வே தத்துவவாதி ஆர்னே நெஸ் 1970களில் ‘ஆழ்சூழலியல்’ என்று இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். மூன்றாவது கட்சி, யார் பிழைப்பு இதில் இருக்கிறது, யார் தலையில் நஷ்டம் விழுகிறது என்று கேட்கும்.

இந்தியாவின் இரண்டு பெரிய போராட்டங்களை எடுத்துப் பார்த்தாலே இந்த வித்தியாசம் பிடிபடும். 1974இல் இமயமலையில் உள்ள ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரத்தை வெட்டவிடாமல் மறித்தார்கள். அந்தக் காட்டில்தான் அவர்களுடைய விறகும் தீவனமும் இருந்தன. மலை சரியாமல் ஊரைக் காத்ததும் அந்தக் காடுதான். சிப்கோ என்று பெயர் பெற்ற அது, பிழைப்பிலிருந்து பிறந்த இயக்கம். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக்காக நடந்ததோ பெரும்பாலும் அங்கே குடியிருக்காதவர்களின் போராட்டம். விஞ்ஞானிகளும் கவிஞர்களும் ஆசிரியர்களும் ஒரு மழைக்காட்டை அதற்காகவே காப்பாற்றச் சொன்னார்கள். அங்கே வரவிருந்த நீர்மின் திட்டம் கைவிடப்பட்டு 1984இல் அது தேசியப் பூங்கா ஆனது. இரண்டும் ஜெயித்தவை. இரண்டுக்கும் காரணம் வேறு.

எந்தக் கட்சி சரி என்று முதல் மாசத்திலேயே முடிவு கட்டவேண்டாம். எனக்கு மூன்றாவது பக்கம் சாய்வு அதிகம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கூடவே ஜே.சி. குமரப்பாவைத் தெரிந்துகொள்ளுங்கள். தஞ்சாவூரில் பிறந்து, காந்தியோடு வேலை செய்த பொருளியலாளர். வருஷா வருஷம் ஓடி வருவதைக் கொண்டு வாழ்கிற பொருளாதாரம், தேங்கிக் கிடப்பதை அள்ளித் தீர்க்கிற பொருளாதாரம் என்று அவர் பிரித்துப் பார்த்தார். நிலக்கரியையும் பெட்ரோலையும் மனதில் வைத்து அவர் சொன்னது நம் ஏரிக்கும் போர்வெல்லுக்கும் அப்படியே பொருந்துகிறது.

தண்ணீரைப் பரிசோதியுங்கள்

இந்த மாவட்டங்களில் சூழல் பிரச்சினை பல்லில் எழுதியிருக்கிறது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் வளர்ந்தவர்கள் சிரிக்கும்போது முன்பல்லில் தெரிகிற பழுப்புக் கோடு வெற்றிலையால் வந்ததல்ல. சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. பல வருஷம் தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

நம் அடியில் இருப்பது கடினப் பாறை. பாறை இடுக்கில் நீண்ட காலம் நிற்கிற தண்ணீர், பாறையிலுள்ள ஃப்ளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. ஆகவே இதற்கு எந்தத் தொழிற்சாலை மீதும் பழி போடமுடியாது. ஆனால் ஏரியையும் கிணற்றையும் விட்டுவிட்டு ஆழத்துத் தண்ணீருக்குப் போனது நாம்தான். மழைத்தண்ணீர் இறங்குகிற இடத்தில் ஃப்ளோரைடு நீர்த்துப்போக வாய்ப்பு உண்டு; ஏரி வேலையும் பல் வேலையும் ஒன்றாவது இந்த இடத்தில்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் பல்லிலும் எலும்பிலும் வருகிற நோய்) தடுப்பு இருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கிவைத்தார்கள். காவிரித் தண்ணீர் வந்த பிறகும், அது வராத நாளில் போர் தண்ணீரைக் கலந்து விடுகிற ஊர்கள் உண்டு. உங்கள் ஊரில் எப்படி என்று தொட்டி இயக்குபவரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்.

சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, எந்தப் போர், எத்தனை அடி, எந்தத் தேதி என்று ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது; தண்ணீர் ஆவியாவதால் இன்னும் அடர்த்திதான் ஆகும். இந்த ஒரு தகவலை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொண்டு சேர்த்தாலே பெரிய வேலை.

கிராம சபை, மனு, ஆர்.டி.ஐ.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரிப் பேச்சை எடுக்க அதைவிடத் தோதான நாள் கிடையாது.

சபைக்குப் போனதும் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். தீர்மானம் பிறகு எழுதப்படும். இந்த வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: “தீர்மானத்த எழுதிப் படிச்சுக் காட்டுங்கண்ணா, அப்புறம் கையெழுத்துப் போடறோம்.” சண்டைத் தொனி வேண்டாம், ஆனால் விடவும் வேண்டாம். ‘ஏரியைச் சீரமைக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் அதற்கு உயிர் இல்லை. இந்த சர்வே எண்ணில் உள்ள வரத்து வாய்க்காலை அளந்து கல் நடவேண்டும், இந்த இடத்தில் ஒற்றைக் குழாய்க்குப் பதில் பாலம் கட்டவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதை இணைத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. நகராட்சி, மாநகராட்சி என்றால் வார்டு உறுப்பினரிடமும் ஆணையரிடமும் போங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) 2005இலிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத்தாள் போதும். பலர் அதில் ‘ஏன்’ என்று கேட்டு ஏமாறுகிறார்கள். ‘ஏன் ஆக்கிரமிப்பை அகற்றவில்லை?’ என்று எழுதினால், கருத்துக் கேட்க இச்சட்டத்தில் இடமில்லை என்று ஒருவரிப் பதில் வரும். அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தின் நகலைக் கேட்கவேண்டும். இப்படி:

“___ கிராமம் சர்வே எண் ___இல் உள்ள ஏரி, அதன் நீர்வரத்து வாய்க்கால்கள் தொடர்பாக: 1. புல வரைபட நகல். 2. கண்டறியப்பட்ட ஆக்கிரமிப்புகளின் பட்டியல் நகல். 3. ஆக்கிரமிப்பாளர்களுக்கு அனுப்பிய அறிவிப்புகளின் நகல். 4. கடைசியாகத் தூர்வாரிய பணியின் மதிப்பீடு, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல். 5. மேற்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.”

முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகும் சரிவராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அளவுப் புத்தகம் (செய்த வேலையை அளந்து குறித்த ஏடு) கைக்கு வந்தால், தூர்வாரியதாகச் சொன்ன ஆழத்தை ஒரு கயிற்றை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

ஆக்கிரமிப்புப் பட்டியல் வந்ததும் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலும் முதலில் இடிபடுவது ஏரி ஓரத்து ஏழைக் குடிசை. மனைக்காரரின் சாலைக்கு நோட்டீஸ் போக வருஷங்கள் ஆகும். நீங்கள் கொடுத்த மனுவால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்து, வாய்க்காலில் அதே குழாய் இருந்தால், ஏரிக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. தண்ணீரை எது மறிக்கிறதோ அதை மனுவில் முதலில் எழுதுங்கள். குடியிருப்பவர்களுக்கு மாற்று இடத்தை அதே மனுவிலேயே கேளுங்கள்.

ஊரைத் தாண்டிய விஷயங்கள்

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போது நுரை பொங்கிச் சாலை வரைக்கும் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு நம்மிடம் வருகிறது. சோப்புத் தன்மையுள்ள ரசாயனங்கள் கலந்த தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது நுரைக்கிறது. ஓசூர்க்காரர் ஒருவர் எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தாலும் அந்த நுரை குறையாது. ‘மாற்றம் உன்னிடமிருந்து தொடங்கட்டும்’ என்ற அறிவுரை செல்லுபடியாகாத இடம் அது.

அங்கே சட்டம் வேண்டும். வேலூர் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும், கேடு வரும் என்று முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டும். 2010 சட்டப்படி வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கர்நாடகமும் அதன் எல்லைக்குள் வருவது தென்பெண்ணை விஷயத்தில் நமக்கு வசதி. விண்ணப்பிக்கக் காலக்கெடு, பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் முப்பது நாள்தான். தக்க காரணம் காட்டினால் இரண்டுக்கும் இன்னும் அறுபது நாள் வரை தீர்ப்பாயம் தரலாம். ஆகவே தேதி போட்ட போட்டோவையும் மனு ஒப்புகைகளையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரி, தொழிற்பேட்டை விரிவாக்கம் போன்றவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால் தவறவிடாதீர்கள். குறைந்தது முப்பது நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரவேண்டும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் படித்துவிட்டு, நீங்கள் நடந்து பார்த்த ஓடையும் ஏரியும் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபம். எழுதியும் கொடுங்கள். மைக்கில் ஆவேசமாகப் பேசியதைவிட, சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்த ஒரு பக்கம் பிறகு தீர்ப்பாயத்தில் கைகொடுக்கும். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசிக்கவேண்டும் என்பது விதி. அதுவரைக்கும் எழுந்து போகாதீர்கள்.

காட்டுக்குப் போகும்போது

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்ற இரண்டு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. காவிரி தெற்கு 2022இல் அறிவிக்கப்பட்டது. கேழ்வரகு முற்றுகிற காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கத்திலிருந்து யானைக்கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வரைக்கும் வரும். ராத்திரி பரண்மேல் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் விவசாயியிடம் போய், ‘யானை வழித்தடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்’ என்று சொல்வதைப் போன்ற அபத்தம் வேறில்லை. அதற்காகத் திருட்டு மின்வேலியை நியாயப்படுத்தவும் முடியாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. புதியவர் செய்யக்கூடிய உருப்படியான வேலை, பயிர்ச்சேத இழப்பீட்டு மனுவை விவசாயியோடு சேர்ந்து எழுதி, வனச்சரக அலுவலகத்துக்குக் கூடப் போவது. பணம் நேரத்துக்கு வந்தால் வேலிக்குக் கம்பி வாங்குகிற கை கொஞ்சம் யோசிக்கும். செல்பி எடுக்கக் காட்டோரம் நிற்காதீர்கள்.

அரூர் வட்டத்து வாச்சாத்தியைப் பற்றித் தெரியாமல் தருமபுரியில் காட்டைக் காப்பாற்றப் பேசக்கூடாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மரத்தைக் காப்பது என்ற பெயரில் நடந்த காரியம் இது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் போகும்போது, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அந்த ஊருக்குப் பட்டா, சமூக உரிமை எந்த அளவில் வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு கன்றைப் பற்றிப் பேசுங்கள்.

சரி, கன்று

நடுவதானால் வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, புளி. பனை விதை ஆகஸ்டுக்கு மேல் கிடைக்கும். ஏரியின் உள்வாயில் நடாதீர்கள். அது தண்ணீர் நிற்கிற இடம். ஏரிக்கு நடுவே மண்மேடு போட்டு மரம் வைப்பதும், கிண்ணம் மாதிரி ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதும் இப்போது ஒரு மோஸ்தர். ஓரத்துச் சேறு போனால் அங்கே மேய்கிற பறவையும் போய்விடும். வண்டல் எடுக்க அனுமதி வாங்கிக் கிராவல் அள்ளுகிறார்களா என்று ஒரு கண் வையுங்கள்.

சங்கம் பதியவேண்டுமா?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். முதல் வருஷம் வேண்டாம் என்பேன். பதிந்த உடனே லெட்டர்பேடு, பொருளாளர், யார் தலைவர் என்று பேச்சு திரும்பிவிடும். கிராம சபையில் பேச, ஆர்.டி.ஐ. போட, கருத்துக் கேட்பில் ஆட்சேபிக்க, பசுமைத் தீர்ப்பாயத்தில் பாதிக்கப்பட்டவராக மனு கொடுக்க, எதற்கும் சங்கம் தேவையில்லை. தனி ஆள் போதும். ஆனால் வெளியூர்க் குவாரிக்கு எதிராகத் தனி ஆளாகக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஊரில் நிலமும் வீடும் உள்ள நாலு பேர் முதலில் போடட்டும், உங்கள் பெயர் ஐந்தாவதாக இருக்கட்டும்.